எழுத்துக் குறையும் மொழிக் குறையும்

தமிழெழுத்தின்மீது நெடுங்காலமாகச் சாற்றப்பட்டுவருங் குற்றங்கள் இரண்டு. எழுத்துகள் அளவுக்கு மிஞ்சியன என்பது ஒன்று. எழுத்துகள் போதா என்பது மற்றொன்று. 247 எழுத்தையும் ஒரு குழந்தை எங்ஙனம் நினைவிற் கொள்ளும் என்று முதற்சாரார் இரங்குவர். ககரம் ஒன்றையே வைத்துக்கொண்டு பல ஒலிகளை எழுதுவது எங்ஙனம் என்று மற்றைச் சாரார் வினவுவர். ஒருவரே ஒரே மூச்சில் இவ்விரண்டையுங் கூறக் கேட்பதும் உண்டு.

இக்குற்றச்சாட்டுகளுக்கு விடையிறுத்தோருட் பெரும்பாலார் மொழிப்பற்றினால் விடையிறுத்தனர். பற்று வேண்டற்பாலதே, ஆயினும் அஃது அளவுகோல் ஆகாது. ஓர் எழுத்துமுறை நிறைவுடையதா அன்றா என்பதை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவே முந்தி எழ வேண்டுவது. அவ்வினாவைத் தமிழைக் கொண்டே ஆராயப் புகின் விருப்பும் வெறுப்புங் குறுக்கே நிற்கும். ஆதலின், நமக்கு உறவும் பகையும் இல்லாத தொலைநாட்டு மொழியொன்றின் எழுத்தை முதற்கண் நோக்கி, ஆண்டுப் பெறும் அளவுகோலினாலே தமிழை அளத்தல் நன்று. வட அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கி மக்களின் எழுத்து இதற்கு மிகப் பொருந்துவது. அது தோன்றிய காலமும், தோற்றுவித்தவரும், பரவிய வழியும், இற்றை நிலையும் தெளிவாக அறியப்பட்டவை.

செரோக்கி எழுத்து

செரோக்கி மக்கள் அமெரிக்காவின் தென்கிழக்கே, அப்பலாச்சிய மலைச்சாரலில் வாழ்ந்தவர்கள். அவர்களுட் செக்குவோயா என்பார் ஒருவர் வெள்ளி வேலை செய்யுங் கம்மியராக இருந்தார். ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் அறியாதவர். வெள்ளையர் தாளிற் கீறிய கீறல்கள் தொலைவிலுள்ளாரோடும் பேசுகின்றன என்பதைக் கண்டு, தம் மொழிக்கும் அத்தகைய கீறல்கள் வேண்டுமென அவர் துணிந்தார். ஏறத்தாழ 1809 ஆம் ஆண்டளவிற் றொடங்கிய முயற்சி 1821 இல் முற்றுப்பெற்றது.

முதலில் அவர் சொல்லுக்கு ஒரு குறியாக எழுத முயன்றார். சொற்கள் பல்கிப் பெருகவே, அவ்வழி பயனற்றது எனக் கைவிட்டார். பின்னர், சொற்கள் எல்லாம் ஒருசில அசைகள் மாறி மாறி வருதலால் அமைவன என்பதைத் தம் செவியாலேயே கண்டறிந்தார். அசைக்கு ஒரு குறியாக 86 எழுத்துகளை அமைத்தார். அவற்றுள் ஒன்று பின்னர் வழக்கொழிய, இன்று எஞ்சியிருப்பன 85. அவற்றுள் உயிர் 6, உயிர்மெய் 78, தனித்து நிற்கும் சகர மெய் ஒன்று. இலக்கணம் பயிலாத ஒருவர் உயிரும் உயிர்மெய்யும் என்னும் பாகுபாட்டை எவர் உதவியுமின்றி எய்தினார் என்பது, அப்பாகுபாட்டிலே வளர்ந்த நமக்கு வியப்பும் மகிழ்ச்சியுந் தருவதாகும்.

தம் மகளுக்கே அவர் முதலிற் கற்பித்தார். ஊரவர் நம்பவில்லை, சூனியம் என ஐயுற்றாரும் உளர். தந்தையையும் மகளையும் ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேளாத தொலைவில் வைத்து, ஒருவர் எழுதியதை மற்றவரைப் படிப்பித்துத் தலைவர்கள் சோதித்தனர். அதன்பின் எழுத்து விரைவிற் பரவியது. பள்ளிக்கூடம் இன்றி, வீட்டுக்கு வீடு, வழிப்போக்கர்க்கு வழிப்போக்கர் கற்பிக்க, சில ஆண்டுகளுள்ளே பல்லாயிரவர் தம் மொழியை எழுதவும் படிக்கவும் வல்லுநராயினர். 1825 இற் செரோக்கி நாட்டினர் அவ்வெழுத்தைத் தம் எழுத்தாக ஏற்றுக்கொண்டனர். பொஸ்ரன் நகரில் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. 1828 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 ஆந் திகதி, ஜோர்ஜியாவிலுள்ள நியூ எக்கோட்டாவில், எலியாஸ் பூடினோட் என்பாரை ஆசிரியராகக் கொண்டு ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்னும் செய்தித்தாள் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அவ்வெழுத்தின் வடிவத்தையும் நோக்குக. அச்சிற் காணப்படும் பல குறிகள் ஆங்கில எழுத்துகளின் உருவை ஒத்தன. ஒலியோ முற்றிலும் வேறு. ஆங்கிலத்து ‘டபிள்யூ’வின் உருவம் ஆண்டு ‘ல’ என ஒலிக்கும். ‘எச்’சின் உருவம் ‘மி’ என ஒலிக்கும். ‘டி’யின் உருவம் அகர உயிராகும். உருவத்தை எங்கிருந்து பெற்றாலும் எழுத்துக்கு உயிர் கொடுப்பது அம்மொழி பேசுவாரின் வாயே என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று காண்டல் அரிது.

இனி அதன் குறைகளைக் கூறுவாம். செரோக்கி மொழியிற் குறிலும் நெடிலும் பொருள் வேறுபடுத்துவன. ஒலியின் ஏற்ற இறக்கமும் பொருள் வேறுபடுத்துவது. செக்குவோயாவின் எழுத்து இவ்விரண்டையும் காட்டுவதில்லை. நீருக்கும் உப்புக்கும் உரிய சொற்கள் வாயில் வேறுபட்டு ஒலிக்கும். எழுத்தில் ‘அம’ என ஒரே வடிவாய் நிற்கும். வல்லொலி, மெல்லிய ஒலி என்னும் வேறுபாடும் சில அசைகளுக்கன்றி ஏனையவற்றுக்கு இல்லை. ‘க’ என்பதற்கு இரு குறிகள் உள. கி, கெ, கொ, கு என்பவற்றுக்கு ஒவ்வொரு குறியே உளது. இத்துணைக் குறைகள் இருந்தும், அம்மக்கள் அதனைக் கொண்டு சட்டம் எழுதினர். மருந்து முறைகளை எழுதினர். ஒருவர்க்கொருவர் மடல் வரைந்தனர். சமய நூல்களை அச்சிட்டனர். நீரையும் உப்பையும் மாறிப் படித்து இடர்ப்பட்டார் இலர். மொழியை நன்கு அறிந்தவர்க்குச் சொற்றொடரே ஒலியைச் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே, செரோக்கி எழுத்திலிருந்து நாம் பெறும் முதல் அளவுகோல் இது: எழுத்து ஒலியின் முழுப் படம் அன்று; மொழியறிந்தவனுக்கு இடும் குறிப்பு. குறிப்பு எத்துணை வேண்டுமென்பது, படிப்பவன் வாயில் மொழி எத்துணை உளது என்பதைப் பொறுத்தது.

மிகை என்னுங் குற்றம்

இவ்வளவுகோலைக் கொண்டு தமிழை நோக்குவாம். 247 என்பது எழுத்துருவங்களின் தொகையன்று. 12 உயிரும், 18 மெய்யும், அவை தம்முட் கூடிய 216 உயிர்மெய்யும், ஆய்தம் ஒன்றும் சேர்ந்த கூட்டுத்தொகை. தொல்காப்பியனார் எழுத்து முப்பது எனவே வரையறுத்து, சார்ந்து வருவன மூன்றை வேறாக வைத்தார். ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து வரும் அசைகளை எண்ணி, அம்மொழிக்கு எழுத்துகள் பல நூறு என ஒருவர் கூறின் நாம் நகைப்போம். தமிழைப் பற்றி அவ்வாறு கூறும்பொழுது நகைப்பதில்லை.

செரோக்கிச் சிறுவன் 85 உருவங்களையும் ஒன்றற்கொன்று தொடர்பின்றி நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கே ககர அகரத்துக்கும் ககர இகரத்துக்கும் உருவொற்றுமை சிறிதும் இல்லை. தமிழ்ச் சிறுவனோ ககரத்தை அறிந்து, கால், விசிறி, கொம்பு முதலிய குறிகளையும் அறிந்தபின், பெரும்பாலான உயிர்மெய்களைத் தானே எழுதுவான். உகர ஊகார வரிசைகள் 36 உம் உருவத்தில் ஒழுங்கின்றி நிற்பது உண்மை. அவை கற்பார்க்கு ஓரளவு சுமையே. ஆயினும் 85 தனி உருவங்களைப் பள்ளிக்கூடமின்றிக் கற்ற மக்களை நினைப்பின், அச்சுமையைப் பெரிதென ஒருவரும் உரையார். கல்வி தடைப்படுவது எழுத்தின் தொகையினால் அன்று. கற்பிப்பாரும், படித்தற்குரிய நூல்களும், படிப்பதனால் வரும் பயனும் இன்மையினாலேயாம்.

குறை என்னுங் குற்றம்

அடுத்தது, ஒலிக்கேற்ற எழுத்துகள் இல்லை என்பது. தக்கை, தங்கம், தகை என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூவகையாக ஒலிக்கின்றது. இரட்டிக்குமிடத்து வல்லென்றும், மெல்லெழுத்தை அடுத்து மெலிந்தும், உயிர்களுக்கிடையே உராய்ந்தும் ஒலிக்கும். தமிழ் வாயுடையான் எவனும் இவற்றை மயங்கான். எழுத்துப் பார்த்தறியாத சிறு குழந்தையும் மயங்காது. வேறுபாடு இடத்தினால் வருவது. பொருளினால் வருவது அன்று. 1856 இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்திற் கால்டுவெல் ஐயர் இதனை ஒரு விதியாகவே எடுத்து விளக்கினார். விதியால் அறியக்கிடப்பதற்கு வேறு எழுத்து வேண்டா.

இதனை நம் முன்னோர் அறியாது விட்டனர் என்பாரும் உளர். கல்வெட்டுகள் அதனை மறுக்கின்றன. மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குகைகளிற் காணப்படும், ஏறத்தாழ கி.மு. 2 ஆம் நூற்றாண்டினவான எழுத்துகள் தமிழே என்பதை 1924 இற் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அவ்வெழுத்துகளின் அமைப்பை ஐராவதம் மகாதேவன் 2003 இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்தார். வடபுலத்துப் பிராமி எழுத்தில் வருக்க எழுத்துகள் யாவும் இருந்தன. அவற்றைக் கண்முன் கண்ட தமிழர், தம் மொழிக்கு வேண்டாதவற்றை விலக்கினர். பிராகிருதச் சொற்களை எழுதுமிடத்து அருகியே ஆண்டனர். அதே வேளை, வடபுலத்தில் இல்லாத ழகர, ளகர, றகர, னகரங்களுக்குத் தாமே உருவம் அமைத்துக்கொண்டனர். வேண்டாதன கழித்தலும் வேண்டியன சேர்த்தலும் ஒருங்கே நிகழ்ந்தமையால், இது அறியாமை அன்று; தேர்வு என்க.

இவ்விடத்து நேர்மையாக ஒன்று கூறுதல் வேண்டும். பிறமொழிச் சொற்கள் புகுந்தபின் நிலை ஓரளவு மாறியது. தீவினையைக் குறிக்கும் ‘பாவம்’ என்பதும், நடனத்தில் மெய்ப்பாட்டைக் குறிக்கும் ‘பாவம்’ என்பதும் வாயில் வேறு, எழுத்தில் ஒன்று. செரோக்கி மொழியின் நீரும் உப்பும் போன்றனவே இவையும். ஆடல் பற்றிய நூலிற் பின்னையதும், அறநூலில் முன்னையதும் தாமே விளங்கும். ஜகரம், ஸகரம், ஷகரம், ஹகரம் என்னுங் கிரந்த எழுத்துகளோவெனின், சாடியும் ஜாடியும் போலத் தமிழ் மக்கள் தம் வாயிலேயே வேறுபாடு தோன்றியபின் வழக்கில் நிலைத்தன. அவற்றை வெறுத்தொதுக்குவதும், அவற்றைக் காட்டி மேலும் பல எழுத்துகளைக் கேட்பதும் ஒருபுடைப் பார்வையே.

ஈழநாட்டார் கைக்கொண்ட வழக்கொன்று இங்கு நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் நுனிநா அண்ணத்தை ஒற்றப் பிறக்கும் வல்லொலியைத் தமிழகத்தார் டகரத்தால் எழுதுவர். நாமோ ரிக்கற், பொக்கற், இன்ரநெற் என ரகர றகரங்களால் எழுதுகிறோம். றகர ஒற்றின் பழைய வல்லொலி நம் வாயில் மறையாதிருப்பதே இதற்குக் காரணம். புதிய ஒலி வந்தபொழுது புதிய எழுத்தைத் தேடாமல், பழைய எழுத்தின் ஆற்றலைத் தேடிய வழக்கு இது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியபொழுது மேற்கொள்ளப்பட்ட பணியும் சொல்லாக்கமே. விஞ்ஞானம் பயின்று அதனைக் கற்பித்தவர் அடிகளார். அறிவியல் தமிழில் வருதற்குத் தடையாக நின்றது சொற்பஞ்சமேயன்றி எழுத்துப் பஞ்சம் அன்று என்பதை அப்பணி காட்டிற்று.

ஏடும் படிப்பவரும்

எழுத்து மொழியறிந்தவனுக்கு இடும் குறிப்பு என்றோம். அதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. மட்டக்களப்பு நாட்டிற் கண்ணகையம்மன் கோவில்களிற் போற்றப்பட்டுவந்த வழக்குரை ஏடுகளை நினைக்க. வைகாசிச் சடங்கிற் பாடப்பெற்ற அவ்வேடுகள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வந்தவை. 1968 இல் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்தபின்னரே கண்ணகி வழக்குரை எல்லார்க்கும் நூலாகக் கிடைத்தது.

பழைய ஓலையிற் புள்ளி இடுவதில்லை. இட்டால் ஓலை கிழியும் என்பர். புள்ளி இன்மையின் மெய்யும் அகரமேறிய மெய்யும் ஒன்றாய் நிற்கும்; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றாய் நிற்கும். எரியும் ஏரியும் ஒன்று. கொடுவும் கோடும் ஒன்று. ரகரமும் காலும் ஒரே உருவாகலின் பரவையும் பாவையும் ஒன்று. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. இத்துணை மயக்கமும் உள்ள ஏட்டை ஒருவர் கையில் எடுத்து, இராகம் பிசகாது விடியுமளவும் பாடினார் எனின், அவர் ஏட்டை மட்டும் படிக்கவில்லை என்பது தெளிவு. ஆசான் வாயாற் கேட்ட பாட்டு அவர் நெஞ்சில் இருந்தது. ஏடு அதனை நினைவூட்டியது.

அக்கேள்விமரபு அற்ற இடத்து நேர்ந்தது என்னை? யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பிக்கும்பொழுதும், வேறு பழநூல்களை அச்சேற்றும்பொழுதும் பட்ட பாடு அறிஞர் அறிவர். எழுத்து அதுவே, ஓலை அதுவே. ஆனால் அந்நூல்களை வாயால் ஓதிவந்தார் அருகினர். பொருள் தெரிந்து படிப்பாரை இழந்த எழுத்து, எழுத்தாய் இருந்தும் ஊமையாயிற்று. இதுவே இரண்டாவது அளவுகோல்: மொழி வாயிற் குன்றுமிடத்து, எழுத்தின் சிறு குறையும் பெருங்குறையாகும்.

நிலைத்த சீர்திருத்தங்கள்

இவ்விரு அளவுகோல்களையும் கொண்டு எழுத்துச் சீர்திருத்தங்களை நோக்கினால், அவற்றுட் சில நிலைத்தமைக்கும் சில நிலையாமைக்கும் காரணம் புலனாகும்.

வடபுலத்து எழுத்தில் ஒவ்வொரு மெய்க்குறியும் அகரம் ஏறியதாகவே நிற்கும். தமிழிலோ சொல்லின் ஈற்றிலும் இடையிலும் தனிமெய் பயில வரும். எனவே மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்தப் பழந்தமிழர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறைகளை முயன்றனர் என்பது குகைக் கல்வெட்டுகளால் விளங்குகின்றது. முடிவில் வெற்றிபெற்றது புள்ளி. மெய்க்கும், குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்தது. பொருள் மயக்கத்தை நீக்க எழுந்தமையால் அவ்விதி நிலைபெற்றது. ஓலையில் மறைந்தபொழுதும் அச்சில் மீண்டது.

வீரமாமுனிவர் 18 ஆம் நூற்றாண்டில் ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுருவும், அவ்வுயிர்மெய்களுக்கு இரட்டைக் கொம்பும் அமைத்தார் என்பர். அவர் இத்தாலி நாட்டினர். ஆயினும் அவர் தீர்த்தது இத்தாலியருக்கு இருந்த இடர்ப்பாட்டையன்று, தமிழருக்கு இருந்த இடர்ப்பாட்டை. எனவே தமிழர் அதனைத் தமதாகவே கொண்டனர்.

பெரியார் ஈ. வெ. ரா. 1935 முதற் ‘குடி அரசு’ இதழில் ஆண்ட வடிவங்களை நோக்குக. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் ஒழுங்கற்ற உருவங்களை ஏனைய எழுத்துகளோடு ஒத்தனவாக ஆக்கினார் அவர். தமிழ்நாட்டு அரசு 1978 இல் அவற்றை ஏற்றது. ஈழத்து அச்சிலும் அவை பின்னர்ப் பரவின. புதிய குறி ஒன்றும் இன்மையாலும், கற்றான் கல்லாதான் எவனுக்கும் மயக்கம் விளையாமையாலும் அவை நிலைத்தன. ஐகார ஔகாரங்களை விடுத்து அய், அவ் என எழுதவேண்டும் என்ற அவரது மற்றைக் கருத்தோ பொதுவழக்காகவில்லை. உகர ஊகார வரிசைகளை ஒழுங்குபடுத்த வேண்டுமென வா. செ. குழந்தைசாமி அவர்கள் நெடிது வாதாடியதும் நடைமுறைக்கு வரவில்லை. அவ்வரிசைகளாற் பொருள் மயக்கம் ஏதும் இல்லை; மாற்றினாலோ அச்சான நூல்களுக்கும் வருங்கால மாணவருக்கும் இடையே ஒரு வேலி எழும். பயன் சிறிது, இழப்புப் பெரிது எனத் தமிழுலகம் கருதிற்று. அக்கருத்துத் தவறு என்று சொல்வதற்கில்லை.

புதிய எழுத்தே வேண்டுமிடமும் உண்டு. கிழக்கிந்தியாவிற் சந்தாலி மொழி பேசுவோர்க்கு ரகுநாத் முர்மு என்பார் 1925 இல் ‘ஒல் சிக்கி’ என்னும் எழுத்தை 30 குறிகளுடன் அமைத்தார். வங்க எழுத்தும் ஒடிய எழுத்தும் சந்தாலியின் அடைப்பொலிகளைச் செவ்வனே காட்டமாட்டாதிருந்தன. அவ்வொலிகள் சந்தாலியருக்குப் பொருள் வேறுபடுத்துவன. எனவே அவரது எழுத்து வேரூன்றியது. 2003 இற் சந்தாலி மொழி இந்திய அரசியல் யாப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. முர்முவும் செக்குவோயாவும் தம் மக்கள் செவியைக் கேட்டு எழுதினர். பிறர் செவிக்காக எழுதவில்லை. தமிழுக்குப் புதிய எழுத்துக் கேட்போர் எவர் செவிக்காகக் கேட்கின்றனர் என்பதே நாம் அவரிடம் வினவவேண்டுவது.

உரோம எழுத்திற் றமிழ்

இக்காலத்துக்குரிய இடையூறு வேறொன்று. இளைஞர் பலர் கைபேசியிலே தமிழை உரோம எழுத்தில் எழுதுகின்றனர். இது புதியது என எண்ணற்க. 1554 இல் இலிசுபன் நகரில் அச்சான நூலொன்றிற் றமிழ் உரோம எழுத்திலேயே அச்சிடப்பட்டது. அன்று தமிழ் அச்செழுத்து இல்லை. 24 ஆண்டு கழித்து, 1578 இற் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சேறியது. கருவி கிடைத்தவுடன் பாதிரிமாரே உரோம எழுத்தைக் கைவிட்டனர். இன்று கருவி இல்லை என்று சொல்லுதற்கிடமில்லை. தமிழெழுத்து 1991 முதல் யூனிக்கோட் குறியீட்டில் உண்டு. செரோக்கி எழுத்தும் 1999 இல் அதில் இடம்பெற்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ‘எழுத்து மொழியறிந்தவனுக்கு இடும் குறிப்பே எனின், உரோம எழுத்தும் அத்தகைய குறிப்பாகாதோ? புள்ளியில்லா ஓலையைப் படித்தவர் பேரன், நெடிலில்லாத உரோம எழுத்தைப் படிக்கின்றான். இதிற் குற்றம் என்ன?’ என்பர். தடை வலியுடையதே. விடை வருமாறு. ஓலை படித்தவருக்கு ஆசான் வாய்மொழி இருந்தது. அவர் படித்தது தாம் முன்னரே கேட்டறிந்தது. இன்றைய இளைஞர்க்கு அவ்வாய்மொழி சுருங்கியுள்ளது. பேச்சிற் பலவிடங்களில் ழகரமும் ளகரமும் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. நகர னகர வேறுபாடோ எழுத்திலன்றி இல்லை. கலை, களை, கழை என்பன உரோம எழுத்தில் ஒன்றாகும். எழுதுவான் சோம்புவானாயிற் காலையும் காளையும் அவற்றோடு சேரும். வாய் இழந்த வேறுபாட்டைத் தமிழெழுத்துக் காத்துத் தருகின்றது. உரோம எழுத்து, வாய் இழந்ததை எழுத்திலும் இழக்கச் செய்கின்றது.

நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்க. வந்தாறுமூலை எனத் தமிழில் எழுதுவதற்கு ஒரு வழியே உண்டு. தகரம் மெலிந்து ஒலிக்கும் என்று எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை; முன்னின்ற நகரமே அதனைச் சொல்லிவிடும். பெயரைப் பிரித்தால் ‘வந்து ஆறும் மூலை’ என்று பொருள்படுவதும் றகரத்தாலேயே. உரோம எழுத்தில் இப்பெயரைப் பலர் பலவாறு எழுதக் காண்கிறோம். றகரம் ரகரமாகும்; ஆறுதல் மறையும்; நெடில் ஒருவர் எழுத்தில் இருக்கும், இன்னொருவர் எழுத்தில் இராது. மட்டக்களப்பு என்னும் பெயர் ஐரோப்பியர் எழுத்திற் புகுந்து, முதலெழுத்தாகிய மகரத்தையும் இழந்து, ‘பற்றிக்கலோ’ என வெளிவந்தமையையும் ஒப்புநோக்குக.

எழுத்தை இழப்பது மொழியை இழப்பது என்று இதனாற் கூறுதும் அல்லேம். கீழைக்கரையிலும் ஏனைய ஊர்களிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் ழகரம் முதலியவற்றுக்குப் புதிய குறிகள் அமைத்து, அறபெழுத்திற் றமிழ் எழுதிய அறபுத்தமிழ் மரபு இன்று பெரும்பாலும் வழக்கிழந்தது; அவர் நாவிற் றமிழ் குன்றாது விளங்குகின்றது. மறுதலையாக, எழுத்தைக் காத்தும் மொழி தளர்தல் உண்டு. அதற்குச் சான்று செரோக்கியே.

செரோக்கியின் இற்றை நிலை

எழுத்துத் தோன்றி இருபது ஆண்டும் நிரம்பாமுன்னரே அம்மக்களுக்குப் பேரிடர் நேர்ந்தது. 1835 இல் அவர்களது அச்சகம் ஜோர்ஜியப் படையினராற் கைப்பற்றப்பட்டது. 1838, 1839 ஆம் ஆண்டுகளில் அவர்கள் தம் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டு, மேற்கே நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். புதிய நிலத்தில் மீண்டும் அச்சகம் நிறுவினர், செய்தித்தாள் நடத்தினர். எழுத்து அவர்களைக் காத்தது. ஆயினும் பின்வந்த தலைமுறைகளிற் பள்ளிமொழி ஆங்கிலமாயிற்று. பின்னர் வீட்டுமொழியும் ஆங்கிலமாயிற்று. 2019 இல் மூன்று செரோக்கிச் சமூகங்களும் ஒன்றுகூடித் தம் மொழி அழிவின் விளிம்பில் நிற்கிறது என நெருக்கடி நிலையை அறிவித்தன. செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசுவோர் அப்பொழுது ஏறத்தாழ ஈராயிரவரே.

இன்று தாலெக்குவா நகரில், செரோக்கியிலேயே பாடம் நடாத்தும் பள்ளியில், சிறுவர் செக்குவோயாவின் எழுத்தைக் கற்கின்றனர். அவர்களுட் பலர் ஆங்கிலம் பேசும் வீட்டினின்றும் வருபவர். நீருக்கும் உப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர்தம் பாட்டன்மாருக்கு எழுத்துக் காட்டவேண்டியிருக்கவில்லை. இச்சிறுவர்க்கோ காட்டவேண்டியிருக்கிறது, எழுத்துக் காட்டவில்லை. ஆசிரியரே வாயாற் சொல்லித்தர வேண்டும். 1821 இல் இல்லாத குறை அவ்வெழுத்தில் இன்று தோன்றியது எவ்வாறு? எழுத்து மாறவில்லை, வாய் மாறிற்று.

முடிவுரை

தமிழெழுத்து மிகையுடையதும் அன்று, குறையுடையதும் அன்று என்று கூறி அமைதியுறுதற்கு இவ்வாராய்ச்சி இடந்தரவில்லை. தமிழ் வாயுடையார்க்கு அது நிறைவுடையது. தங்கத்தையும் தக்கையையும் கேட்டு வளராத பிள்ளைக்கு அது குறையுடையதே. புலம்பெயர்ந்த நாடுகளிற் றமிழ் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நாள்தோறும் உணர்வர். நம் நாட்டிலும் உணரும் நாள் வாராதென்பதற்கில்லை. ‘இவ்வெழுத்துக்கு எத்தனை ஒலி?’ என்று நம் பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்களாயின், திருத்தவேண்டியது எழுத்தையன்று. அவ்வினா எழுந்தது வீட்டிற் பேச்சுக் குறைந்தமையால் என்று அறிதல் வேண்டும்.

1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 முதற் கிழக்குப் பல்கலைக்கழகமாக விளங்கும் உயர்கல்வி நிலையம் நம் வந்தாறுமூலையில் உளது. எழுத்துக்கு வேண்டிய கருவியும் கல்வியும் முன்னோர் கனவிலும் காணாத அளவில் நம் வாயிலில் வந்து நிற்கின்றன. அவற்றோடு கண்ணகை வழக்குரையை ஒருவர் பாட ஒருவர் கேட்கும் பழக்கமும், பாடநூலைப் பிள்ளை உரக்கப் படிக்க மூத்தோர் இருந்து கேட்கும் பழக்கமும் நிலைக்குமாயின், 247 உம் மிகையாகா. ஒற்றைக் ககரமும் குறையாகாது. எழுத்துச் சீர்திருத்தம் பேசும் அறிஞர் முதற்கண் இவ்விரு பழக்கங்களையும் சீர்திருத்துவாராக.